நாற்பது ஆட்டங்கள்: ஒரு லைன்பேக்கர் தலைமைப் பயிற்சியாளரானபோது

எதை, ஏன் எழுதுகிறேன்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் வேலைக்கு வருவது வழக்கம்தான். இங்கே எழுதுவது அப்படி வந்த ஒருவரைப் பற்றி. தன் இடத்தில் ஆடியவர்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் தலைமைப் பொறுப்பை 2008-இல் சீசன் நடுவே ஏற்றார். 40 ஆட்டங்களில் 18 வெற்றி, 22 தோல்வி. 2010 டிசம்பரில் வேலை போயிற்று.

இந்த நிகழ்வில் வருகிறவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களுக்கு யாரென்று உடனே தெரிந்துவிடும். அவரைப் பழிப்பது என் நோக்கமில்லை. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரே மனிதர், ஒரே குணம், ஒரே அணி என்றிருந்தும் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையே திரும்பியது, இன்னொருவரிடம் எதுவும் எடுபடவில்லை. அது ஏன் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி: சிகாகோவின் நடு லைன்பேக்கர்

இவர் 1958-இல் ஹூஸ்டனில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் கடைசி. டெக்சஸ் மாநிலத்தின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, 1981 டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) 38-ஆவது ஆளாக சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்தார். திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. உயரம் போதாது என்பதுதான் பேச்சாக இருந்தது. முதல் சீசனின் ஏழாவது ஆட்டத்திலேயே தொடக்க அணியில் இடம் கிடைத்தது. அதன்பின் 12 சீசன்களில் அவர் தவறவிட்ட ஆட்டங்கள் இரண்டே இரண்டு.

நடு லைன்பேக்கர் என்பவர் தடுப்பாட்டத்தின் மையத்தில் நிற்பவர். முன்வரிசைக்குச் சில கெஜம் பின்னால் நின்று, எதிரணி வரிசை கட்டுவதைப் பார்த்து, அடுத்து என்ன வரப்போகிறது என்று ஊகித்து, தன் பக்கத்து ஆட்களை நகர்த்தி நிறுத்த வேண்டும். பந்து அசைந்ததும் தானே பாய்ந்து விழுத்தவும் வேண்டும். மூளை வேலையும் உடம்பு வேலையும் ஒரே ஆளிடம் இருக்கும். சிகாகோவில் இந்த இடத்துக்கு ஒரு பரம்பரையே உண்டு. பில் ஜார்ஜும் டிக் பட்கஸும் நின்ற இடம் அது.

1985 சீசனில் அந்த அணி 16 ஆட்டங்களில் 15-ஐ வென்றது. நாக்-அவுட்டில் நியூயார்க் ஜயன்ட்ஸை 21–0, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை 24–0, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்தை 46–10. அவர்கள் ஆடியது ‘46’ என்ற தடுப்பாட்டம். (ஆட்கள் நிற்கும் கணக்கைக் குறிக்கும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். அதே அணியில் முன்பு ஆடிய டக் பிளாங்க் என்பவரின் சட்டை எண் அது.) அந்தத் தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றவர் இவர். 1985, 1988 இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 10 முறை ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, 1998-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மன்றத்தில் இடம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இவரிடம் நினைவிருப்பது கண்கள். பந்து எடுக்கப்படுவதற்கு முன் அகல விரிந்து எதிரணியை முறைக்கும் அந்தக் கண்கள். ஆனால் கூட ஆடியவர்கள் எப்போதும் சொல்லிவந்தது வேறு. எதிரணியின் ஆட்டப் படங்களை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுக்கும் மனிதர் இவர். அந்தக் கண்களுக்குப் பின்னால் நிறைய வீட்டுப்பாடம் இருந்தது.

இடைவெளி, அப்புறம் உதவிப் பயிற்சியாளர்

1992 சீசனோடு ஓய்வு. அடுத்த பத்து வருடம் பயிற்சி வேலைக்கு வரவில்லை. மேடைகளில் ஊக்கப் பேச்சாளராக இருந்தார். 2003-இல்தான் பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் லைன்பேக்கர்களுக்கான பயிற்சியாளரானார். அங்கே அவர் கையில் கிடைத்தவர் ஏற்கெனவே உச்சத்தில் இருந்த ஒரு நடு லைன்பேக்கர். அந்த ஆண்டே அவர் இரண்டாவது முறையாக லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

2005-இல் பால்டிமோரின் தடுப்பாட்டப் பொறுப்பாளர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனபோது இவரையும் உடன் அழைத்துச் சென்றார். துணைத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டம், லைன்பேக்கர்களின் பொறுப்பு. 2007-இல் அணி ஓர் இளம் லைன்பேக்கரைத் தேர்ந்தெடுத்தது. முதல் சீசனிலேயே லீக்கில் எவரையும்விட அதிக டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை விழுத்துவது) அவருடையது. சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதும் வந்தது.

அதாவது தன்னைப் போல ஆடுகிறவர்களுக்குச் சொல்லித்தர இவருக்கு நன்றாக வந்தது. ஆனால் அதுவரை இவர் ஒரு தடுப்பாட்டத்தை முழுதாக வகுத்து நடத்தியதில்லை. ஆட்ட நாளில் அடுத்து எந்த நகர்வை ஆடுவது என்று தேர்ந்து அழைத்ததில்லை. தாக்குதலாட்டப் பக்கம் வேலையே பார்த்ததில்லை. லீக்கில் வழக்கமான படிவரிசை ஓர் இடத்து ஆட்டக்காரர்களுக்கான பயிற்சியாளர், பிறகு ஒரு பக்கத்தின் முழுப் பொறுப்பாளர், அப்புறம் தலைமை என்று போகும். நடுப்படியில் இவர் கால் வைக்கவேயில்லை.

2008 அக்டோபர்: பொறுப்பும் முதல் ஆட்டமும்

2008 சீசனில் அணி இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி என்று கிடந்தது. அக்டோபர் 20, திங்கள்கிழமை, தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். இவரிடம் தற்காலிகப் பொறுப்பு வந்தது. வயது 50. ஆறு நாளில் முதல் ஆட்டம், கேண்டில்ஸ்டிக் பார்க்கில் சியாட்டிலை எதிர்த்து.

அன்று மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலாவது, பந்தை மீண்டும் மீண்டும் இழந்த அன்றைய குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலாட்டத்தை நடத்துபவர்) இடைவேளைக்கு முன்பே உட்கார வைத்தார். இரண்டாவது, இடைவேளையில் உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் தன் கால்சட்டையை இறக்கிக் காட்டி, எதிரணி நம்மை இப்படித்தான் புரட்டி அடிக்கிறது என்று உணர்த்த முயன்றார். இது பின்னால் வெளியே வந்து பெரிய பேச்சானது.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் மையம். இரண்டாம் பாதியில் அணியின் டைட் எண்ட் ஒரு பந்தைப் பிடித்தபின், எதிரணி ஆளின் முகத்தடுப்பில் கையால் தட்டினார். 15 கெஜம் தண்டனை. டைட் எண்ட் என்பது வரிசையில் நின்று தடுக்கவும் வேண்டும், ஓடிப்போய்ப் பந்து பிடிக்கவும் வேண்டும் என்ற இரட்டை வேலை. 2006 டிராஃப்ட்டில் ஆறாவது ஆளாக எடுக்கப்பட்ட இந்த ஆட்டக்காரருக்கு அணியில் ஒப்பில்லாத உடற்திறன் இருந்தது. பயன் மட்டும் வரவில்லை. பயிற்சியாளர் அவரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அலட்சியமாகப் பதில் வந்தது. உடனே, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குளித்துவிட்டு வா என்று அவரை உடைமாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டார்.

ஆட்டம் 34–13 என்று தோற்றது. பத்திரிகையாளர் சந்திப்பில் பயிற்சியாளரின் குரல் நடுங்கியது. அணிக்காகத் தன்னை முழுதாகக் கொடுக்காத ஒருவரோடு பதினொரு பேராக ஆடுவதைவிட, பத்துப் பேரோடு ஆடித் தண்டனை வாங்கிக்கொள்வேன் என்ற பொருளில் பேசினார். வெல்லும் மனசுள்ளவர்கள்தான் தனக்கு வேண்டும் என்றார். அந்தப் பேச்சு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த முடிவுகளுக்கான காரணம்

வெளியிலிருந்து பார்க்க இது கோபம் மாதிரித் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டைட் எண்டை வெளியே அனுப்பியதன் பின்னால் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். 2002-க்குப் பிறகு அந்த அணிக்கு ஒரு நல்ல சீசன்கூட இல்லை. தோல்வி பழகிப்போன இடம். தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒருவர் தன் சண்டையை முன்னால் வைத்து அணிக்கு 15 கெஜம் இழப்பு உண்டாக்குகிறார், கேட்டால் தோளைக் குலுக்குகிறார். அதைத் தற்காலிகப் பயிற்சியாளர் முதல் நாளே விழுங்கிக்கொண்டால் இரண்டாம் நாள் அவர் பேச்சை யார் கேட்பார்கள்? அணியில் மிக அதிகத் திறமை உள்ளவரிடமே அதைச் செய்தார் என்பதும் முக்கியம். கடைசி வரிசையில் இருப்பவரை அனுப்பியிருந்தால் அதற்கு எந்த எடையும் இருந்திருக்காது.

கால்சட்டை விவகாரம் வேறு ரகம். நோக்கம் புரிகிறது. ஆனால் எதிரணி எந்த இடத்தில், எந்த அமைப்பில் நம்மை உடைக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. அன்று இடைவேளை பன்னிரண்டு நிமிடம்தான். ஆட்டத் திட்டத்தைத் திருத்த அணிக்குக் கிடைக்கும் ஒரே நீண்ட இடைவெளி அது.

முதலில் கிடைத்த பலன்

அடுத்த ஆட்டமும் தோல்வி, அரிசோனாவில் 29–24. அதன்பின் ஏழு ஆட்டங்களில் ஐந்து வெற்றி. சீசன் முடிந்ததும் தற்காலிகம் என்ற சொல் நீங்கி, முழுப் பொறுப்பும் இவருக்கே கொடுக்கப்பட்டது.

2009 முகாமில் பயிற்சி கடுமையானது. ஆளுக்கு ஆள் நேருக்கு நேர் மோதும் பழைய பாணிப் பயிற்சிகள் திரும்ப வந்தன. உடம்பால் அடித்து ஆடுவோம், பந்தை ஓடிக் கொண்டுபோவோம் என்பதே கொள்கை. பந்தெறிதலில் பேர்போன தாக்குதலாட்டப் பொறுப்பாளர் அனுப்பப்பட்டு, இந்தக் கொள்கைக்கு இசைவான மூத்த ஒருவர் கொண்டுவரப்பட்டார். அந்தச் சீசன் 8 வெற்றி, 8 தோல்வி. 2002-க்குப் பிறகு தோல்விக் கணக்கில் முடியாத முதல் சீசன்.

டைட் எண்டுக்கு என்ன ஆயிற்று? அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே அனுப்பப்பட்டவர் முறுக்கிக்கொண்டு போய்விடவில்லை. பயிற்சியாளர் அவரைக் கைவிடவும் இல்லை. மறுநாளிலிருந்து அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். பொறுப்பைக் கொடுத்தார், மற்றவர்களுக்கு முன்னால் நிற்க வைத்தார். 2009-இல் அவர் 78 பந்து பிடித்து 965 கெஜம் எடுத்தார். 13 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). அந்நாளில் டைட் எண்ட் ஒருவர் ஒரு சீசனில் எடுத்த அதிகபட்ச எண்ணிக்கைக்குச் சமம் அது. ப்ரோ பௌலுக்கும் தேர்வானார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தன்னை மாற்றியது என்று பின்னாளில் அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு தெளிவான பலனைப் பார்த்த எந்தப் பயிற்சியாளருக்கும், இதே வழி எல்லாரிடமும் வேலை செய்யும் என்று தோன்றுவது இயல்பு. அங்கேதான் சிக்கல் முளைத்தது என்பது என் கணிப்பு.

2010: எடுபடாமல் போனது

2010 தொடங்கும்போது இந்த அணிதான் தன் பிரிவை (நான்கு அணிகள் கொண்ட குழு) வெல்லும் என்று பலரும் சொன்னார்கள். முதல் ஆட்டம் சியாட்டிலில், 31–6 தோல்வி. அடுத்து எந்த நகர்வு என்ற அழைப்பு குவார்ட்டர்பேக்கின் காதுக்கு நேரத்தோடு போய்ச் சேராமல் தாக்குதலாட்டம் தடுமாறியது. அடுத்து நியூ ஆர்லியன்ஸிடம் 25–22, கேன்சஸ் சிட்டியிடம் 31–10. அந்த ஞாயிறு, தாக்குதலாட்டப் பொறுப்பாளர் தொடர்வார் என்று பயிற்சியாளர் சொன்னார். திங்கள்கிழமை அவரை நீக்கினார். குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளர் அந்த இடத்துக்கு வந்தார்.

குவார்ட்டர்பேக்கின் நிலையை இங்கே பார்க்க வேண்டும் (2008-இல் உட்கார வைக்கப்பட்டவர் இல்லை, வேறொருவர்). 2005 டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அந்த ஆண்டிலிருந்து 2010 வரை அவருக்குமேல் வந்துபோன தாக்குதலாட்டப் பொறுப்பாளர்கள் ஆறு பேர். ஒவ்வொருவரும் ஒரு புதிய ஆட்டப் புத்தகம், ஒரு புதிய சொல்லகராதி. இப்படி இருக்கும் ஒருவருக்குத் தேவைப்பட்டது ஒரே முறையில் இரண்டு சீசனாவது நிற்கும் ஏற்பாடு. மனவுறுதி அவரிடம் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 10, பிலடெல்ஃபியாவுக்கு எதிராக. குவார்ட்டர்பேக் தவறவிட்ட பந்தை எதிரணி எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் ஆக்கியது. கூட்டம் மாற்று ஆளின் பெயரைக் கூவியது. எல்லைக்கோட்டோரம் பயிற்சியாளரும் குவார்ட்டர்பேக்கும் நாடே பார்க்க வாக்குவாதம் செய்தார்கள். மாற்று ஆளை இறக்கப்போகிறேன் என்றார் பயிற்சியாளர். நானே ஆடுகிறேன் என்று மன்றாடி குவார்ட்டர்பேக் களத்திலேயே நின்றார், ஆட்டத்தை நெருக்கத்துக்கும் கொண்டுவந்தார். கடைசியில் பந்து எதிரணி கைக்குப் போய் 27–24 தோல்வி. ஐந்துக்கு ஐந்தும் போயிற்று.

அன்று அந்த மன்றாட்டுக்குப் பயிற்சியாளர் காது கொடுத்ததை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கியவர், அந்த நேரத்தில் தன் முடிவை மாற்றிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் அதைத் தொடர்ந்து கட்டியெழுப்ப ஒரு திட்டம் கையில் இல்லை.

அந்தச் சீசனில் மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆடினார்கள். ஓக்லாந்தை வென்றார்கள், லண்டன் வெம்ப்ளியில் டென்வரை வென்றார்கள். பிரிவில் எல்லா அணிகளும் சரியாக ஆடாததால், இத்தனை தோல்விக்குப் பிறகும் டிசம்பர் கடைசி வரை வாய்ப்பு மிச்சம் இருந்தது. (அந்தப் பிரிவை சியாட்டில் 7–9 என்ற கணக்கிலேயே வென்றது.) டிசம்பர் 26-இல் செயின்ட் லூயிஸிடம் 25–17 தோல்வி. எல்லைக்கோட்டோரம் இன்னொரு குவார்ட்டர்பேக்கோடு இன்னொரு வாக்குவாதம். அன்றிரவே இவர் நீக்கப்பட்டார்.

அவர் போன பிறகு

2011-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தார். லீக்கில் பல ஆண்டுகள் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அந்த ஆண்டு உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இருந்த ஒப்பந்தத் தகராறால் ஜூலை 25 வரை வேலை முடக்கம். ஆட்டக்காரர்களைச் சந்திக்கவே அவருக்கு நேரம் குறைவு. ஆனாலும் அதே குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு 13–3. குவார்ட்டர்பேக் 17 டச்டவுன் எறிந்தார், எதிரணி பறித்தது ஐந்தே ஐந்து. முழு அணியும் சேர்ந்து அந்தச் சீசனில் பந்தை இழந்தது 10 முறைதான்.

நியாயமாகச் சொல்வதென்றால், ஆட்களும் கொஞ்சம் மாறியிருந்தார்கள். புதிதாக வந்த ஒருவர் 14 சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் அவரை விழுத்துவது) எடுத்தார், புதிய தடுப்பாட்டப் பொறுப்பாளரும் வந்திருந்தார். ஆனாலும் அந்த அணியின் எலும்புக்கூடு பழையதுதான். அந்தத் தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றவர் 2007-இல் நம் பயிற்சியாளர் வளர்த்தெடுத்த அதே லைன்பேக்கர்.

2012 ஜனவரி 14, நாக்-அவுட் ஆட்டம், நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக. முடிய 9 விநாடி இருக்க, குவார்ட்டர்பேக் எறிந்த 14 கெஜப் பந்தைக் கோட்டருகே பிடித்து வென்று கொடுத்தவர் அந்த டைட் எண்ட். 36–32. அழுதுகொண்டே எல்லைக்கோட்டுக்கு ஓடிவந்தார். முன்னொரு நாள் அதே மைதானத்தில் உடைமாற்றும் அறைக்கு அனுப்பப்பட்டவர். அடுத்த வாரம் ஜயன்ட்ஸிடம் கூடுதல் நேரத்தில் 20–17 தோற்றார்கள்.

நம் பயிற்சியாளர் 2011-இல் மினசோட்டாவுக்குப் போனார், மறுபடி லைன்பேக்கர்களோடு. 1985 சிகாகோ அணியில் தன்னோடு ஆடியவர் அங்கே தலைமை. மூன்று சீசன் இருந்தார். 2016-இல் ராம்ஸில் ஓராண்டு. பிறகு டெக்சஸில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணி, 2019-இல் பாதியிலேயே நின்றுபோன ஒரு புதிய லீக்கில் மெம்ஃபிஸ் அணி. இரண்டிலும் வெற்றி குறைவு. லீக்கில் தலைமைப் பொறுப்பு திரும்பக் கிடைக்கவில்லை.

எதை மாற்றியிருக்கலாம்

முதலில் அணி நிர்வாகத்தின் பக்கம். சீசன் நடுவே தற்காலிகமாக ஒருவரைப் போடுவது சரி, வேறு வழியும் இல்லை. ஆனால் ஒன்பது ஆட்டத்தில் கிடைத்த 5–4-ஐ வைத்து முழுப் பொறுப்பைத் தரும்போது, இவருக்கு இல்லாத அனுபவத்தை யார் நிரப்புவது என்று கேட்டிருக்க வேண்டும். பில் கவர் என்ற பழைய லைன்பேக்கரைப் பாருங்கள். ஆட்டக்காரராக இவரோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் கிளீவ்லாந்தில் பந்தை உதைக்கும் கட்டங்களுக்கான சிறப்பு அணிகள், தடுப்பாட்டத்தின் பின்வரிசை, கேன்சஸ் சிட்டியில் மூன்று சீசன் முழுத் தடுப்பாட்டப் பொறுப்பு என்று ஏறிவந்துதான் 1992-இல் பிட்ஸ்பர்க்குக்குத் தலைமை ஏற்றார். 15 சீசன் நின்றார், ஒரு சூப்பர் பௌலும் வென்றார். அண்மையில் டெமெக்கோ ரையன்ஸ். அவரும் லைன்பேக்கர், அதே சான் ஃபிரான்சிஸ்கோவில்தான் வேலை கற்றார். 2017-இல் கடைநிலை உதவியாளர், பிறகு மூன்று சீசன் லைன்பேக்கர்களோடு, இரண்டு சீசன் முழுத் தடுப்பாட்டப் பொறுப்பு. 2023-இல் ஹூஸ்டனுக்குப் போனபோது, முந்தைய ஆண்டு மூன்றே வெற்றி பெற்றிருந்த அணி 10–7 ஆனது.

நம் பயிற்சியாளருக்கும் 2009-இல் ஒரு வாய்ப்பு இருந்தது. தன் கொள்கைக்கு ஒத்துப்போகும் ஒருவரைத் தாக்குதலாட்டத்துக்குத் தேடாமல், தனக்குத் தெரியாததைத் தெரிந்த, தன்னை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரைத் தேடியிருக்கலாம். ஓடும் ஆட்டம் தவறான கொள்கை இல்லை. அடுத்து வந்தவரும் நிறைய ஓடித்தான் வென்றார். ஆனால் அவரிடம் குவார்ட்டர்பேக்குக்கு எளிதாக்கித் தரும் வழிகளும் சேர்ந்திருந்தன.

குவார்ட்டர்பேக் விஷயத்தில், ஆட்டத்தின் நடுவே மாற்றுவதா வேண்டாமா என்பதைக் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவில் தீர்மானிக்காமல், வாரத்தின் நடுவே அமைதியாக உட்கார்ந்து தீர்மானிக்கும் முறை ஒன்று வேண்டும். டைட் எண்டிடம் இருந்தது நடத்தைச் சிக்கல், அதற்கு நேருக்கு நேர் நிற்பது மருந்தானது. குவார்ட்டர்பேக்கிடம் இருந்தது பாடம் மாறிக்கொண்டே இருந்த சிக்கல். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தார் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, முன்னால் சொல்லி வைத்தது. இவரை இவராக்கியது முறைப்பு மட்டும் இல்லை, இருட்டறையில் ஓடிய படங்களும் குறிப்பேடும்தான். தலைமைப் பயிற்சியாளராக அவர் அணிக்குக் காட்டியதில் முதல் பாதி நிறையத் தெரிந்தது, இரண்டாம் பாதி அவ்வளவாகத் தெரியவில்லை. தான் எப்படிப் படித்தேன், எதிரணியின் காலடி வைப்பிலிருந்து ஆட்டத்தை எப்படிப் பிடித்தேன் என்று அந்த இடைவேளை நிமிடங்களில் சொல்லியிருந்தால், அதைச் சொல்ல அந்த அறையில் அவரைவிடத் தகுதியானவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

மாற்றக் கூடாத ஒன்றும் உண்டு. அந்த 15 கெஜத் தண்டனைக்குப் பிறகு எடுத்த முடிவு. அதே சூழ்நிலை மறுபடி வந்தாலும், 34–13 என்று தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே இருந்தாலும், அந்த டைட் எண்டை அன்று உடைமாற்றும் அறைக்கு அனுப்பத்தான் வேண்டும். மறுநாள் காலையில் அவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசவும் வேண்டும்.